சி.வி. வேலுப்பிள்ளை: துரையின் மொழியில் தோட்டத்தை எழுதியவர்

சனிக்கிழமைகளில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு நடப்பது பழைய பிள்ளைக்காம்பராக் கட்டடத்தில். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி தன் கொப்பியை நீட்டி, உயர்தரமான ஆங்கிலம் வர எத்தனை சொற்கள் பாடமாக்க வேண்டும் என்று கேட்டாள். நாளுக்கு முப்பது சொல் என்று கணக்கு வைத்திருந்தாள். யுபிக்குவிட்டஸ், மெட்டிகுலஸ், பெனவலன்ட் என்று பக்கம் பக்கமாக அழகான கையெழுத்து. உன் அம்மா மலையில் என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுது என்றேன். ஒரு வரிக்கு மேல் போகவில்லை. கொழுந்து, கவ்வாத்து, பிரட்டு, அரைப்பேர் எதற்கும் அவளிடம் ஆங்கிலச் சொல் இல்லை.

இரண்டு கிழமை கழித்து அதே பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுடைய அம்மம்மாவின் சேமலாப நிதி தொடர்பாக ஓர் அலுவலகம் அனுப்பியது. அதில் 'டிஸ்க்ரெபன்சி' என்ற சொல் இரண்டு தடவை இருந்தது. தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அந்த முரண்பாட்டைத் தீர்க்கும்வரை பணம் கிடைக்காது என்பதுதான் கடிதத்தின் சாரம். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. கடிதம் வந்து இரண்டு மாதம் சாமித்தட்டில் கிடந்திருக்கிறது.

அன்று வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அவர் ஊவாவைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் அவர் ஊர் வழியாகத்தான் போகிறது. ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் தாண்டி, பட்டிப்பொல உச்சியில் ஏறி, நானுஓயாவுக்கு இறங்கினால் கிரேட் வெஸ்டர்ன் வரும். அடுத்த தரிப்பிடம் வட்டகொடை. அந்த மலைகளில் இருக்கிறது மடக்கும்புர தோட்டம். 1914இல் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்தது அங்கேதான்.

பங்களாவின் மொழி

சி.வி. பெரிய கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. இதை மறைத்துவிட்டு அவருடைய ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அந்தக் காலத்தில் லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டப் பள்ளிக்கூடம் மட்டுமே. வாசிக்க, எழுத, கணக்குப் பார்க்கக் கொஞ்சம் பழகிய உடனேயே பிள்ளையின் பெயர் செக்ரோலில் ஏறிவிடும். ஹட்டனில் ஆங்கிலப் பாடசாலைக்கும் பிறகு கொழும்பில் நாலந்தா வித்தியாலயத்துக்கும் போக முடிந்தது, வீட்டில் வசதி இருந்ததால்தான். அவருடைய வயதொத்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தப் படலை திறக்கவே இல்லை.

ஆங்கிலம் என்றால் தோட்டத்தில் அன்று என்ன பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். அது துரையின் பங்களாவில் பேசப்பட்ட மொழி. செக்ரோல் அந்த மொழியில் இருந்தது. தொழிலாளியின் கடனைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுத்த துண்டும் அந்த மொழியில் இருந்தது. மனிதர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடனோடு கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. சி.வி.க்கு அப்போது ஏழு வயது.

ஆக, பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படிப்பதற்குப் பின்னால் ஒரு சாதாரண எதிர்பார்ப்பு இருந்திருக்கும். கிளாக்கரையாவாகலாம், கண்டாக்கையாவாகலாம், துரையோடு நேரடியாகப் பேசக்கூடிய ஆளாகலாம். ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் லயத்திலிருந்து மேலே ஏறும் படிக்கட்டு. சி.வி. அந்தப் படிகளில் ஏறினார். பிறகு அதே படிகளில் கீழே இறங்கி லயத்துக்கே வந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இறக்கம்தான்.

தாகூரிடம் கொடுத்த நாடகம்

இளம் வயதில் அவர் எழுதிய ஆங்கிலத்தில் தேயிலை வாசம் இல்லை. கவிதை என்றால் உயர்ந்த, தூரமான விஷயங்களைப் பேச வேண்டும் என்று நினைக்கும் வயது. 1934இல் இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்தார். இருபது வயது சி.வி. அவரைச் சந்தித்து, தான் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தைக் கையளித்தார். தோட்டத்தில் பிறந்த ஓர் இளைஞன் நோபல் பரிசு பெற்ற கவிஞர் முன் நின்று தன் ஆங்கில நூலைக் கொடுப்பதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மாணவியின் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கட்டத்து சி.வி.தான் நினைவுக்கு வந்தார். அழகான சொற்களைச் சேர்க்கும் பருவம் அது. அதில் பிழையில்லை. சொல்லின் மேல் ஆசை இல்லாமல் யாரும் மொழி படிப்பதில்லை. ஆனால் சேர்த்த சொற்களை எங்கே செலவழிப்பது என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்.

சி.வி.க்கு அந்தக் கேள்வி தொழிற்சங்கத்தின் வழியாக வந்தது. சில காலம் ஆசிரியராக இருந்தவர், இலங்கை இந்தியக் காங்கிரசின் பணிகளுக்குள் வந்தார். 1939இல் தொடங்கிய அமைப்பு அது. அடுத்த ஆண்டே மலையகம் கொதித்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டு பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் ஊவாவைத் தாண்டியும் பேசப்பட்டது. தொழிலாளியின் முறைப்பாட்டைத் துரைக்கும் தொழில் திணைக்களத்துக்கும் எழுத ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கவிதைக்காகச் சேர்த்த சொற்கள் சம்பளத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் லயக் கூரைக்கும் பயன்பட வேண்டிய காலம் வந்தது.

ஒரே ஒலி, இரண்டு சொற்கள்

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், எங்கள் பதுளையில் எஸ்.எம். சுப்பையா. மலையகத் தமிழர் இத்தனை பேர் ஒன்றாக நாடாளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. பல காலத்துக்கு அதுவே கடைசித் தடவையாகவும் ஆனது. சபை நடவடிக்கைகள் அன்று ஆங்கிலத்தில் நடந்தன. அந்த மொழி தெரியாதவர் வாக்குப் பெற்றாலும் அங்கே வாய் திறக்க முடியாது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தச் சபையில்தான் நிறைவேறியது. இரண்டு சொற்களின் மேல் அந்தச் சட்டம் நின்றது. ஒன்று டிசென்ட், அதாவது வம்சாவளி. மற்றது ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பதிவு. வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பனோ, தகப்பனும் பாட்டனுமோ இந்த நாட்டில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்பைப் பதியும் வழக்கமே சரியாக இல்லாத லயங்களில் இந்த நிரூபணத்தை எங்கே தேடுவது?

மறு வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் என்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக ஏழு வருடமும், மணமாகாதவர் என்றால் பத்து வருடமும் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். 'தொடர்ச்சியாக' என்ற அந்த ஒரு சொல் பலரை விழுத்தியது. தாயின் சாவுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ இந்தியா போய் வந்தவர்கள் அதைக் காரணம் காட்டி விளக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கி விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. வாக்குரிமையும் 1949இல் பறிபோனது. 1952 தேர்தலில் காங்கிரசின் ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் மக்கள் பிரதிநிதியாக இருந்த சி.வி.க்குப் பின்னால் வாக்காளர்களே இல்லாமல் போனார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது கரும்பலகையில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதினேன். இரண்டையும் டிசென்ட் என்றே உச்சரிப்போம். எழுத்துக்கூட்டல்தான் வேறு. ஒன்று வம்சாவளி. இன்னொன்று எதிர்க்கருத்து, உடன்பட மறுப்பது. முதலாவது டிசென்ட் இல்லை என்று சொல்லி ஒரு சமூகத்தை வெளியே நிறுத்தினார்கள். அந்தச் சமூகத்திடம் எஞ்சியது இரண்டாவது டிசென்ட். 1952இல் சி.வி.யின் கட்சி பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தது அந்த இரண்டாவது சொல்லின் பேரில்தான். பிள்ளைகள் இரண்டு சொற்களையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டார்கள். முப்பது சொற்பட்டியல் செய்யாத வேலையை ஒரு வரலாறு செய்தது.

தப்பொலியோடு விடிந்த கவிதை

1950களின் தொடக்கத்தில், நாடாளுமன்றக் கதவு மூடிய காலத்தில், சி.வி. ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை வெளிவந்தது. பெயர் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. 1969இல் சக்தீ அ. பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். மலையகத்தில் படித்தவர் வீடுகளில் அந்தத் தமிழ் நூலின் பெயர் தெரியாதவர் குறைவு.

இருபது வயதில் எழுதிய நாடகத்துக்கும் இந்தக் கவிதைக்கும் இடையில் அவருடைய ஆங்கிலம் வளர்ந்திருக்கிறது. ஆனால் வளர்ந்த விதம் நாம் எதிர்பார்ப்பது போல் இல்லை. சொற்கள் இன்னும் கடினமாகவில்லை, நெருக்கமாகின. விடியலில் தப்பு முழங்குகிறது. கூடை முதுகில் ஏறுகிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அதே செடிகளின் கீழே, கல்லறையோ பெயரோ இல்லாமல், மண்ணாகிக் கிடக்கிறார்கள். நினைவுச்சின்னம் என்ற சொல்லைத் துரைமாரும் வைத்திருந்தார்கள். பதுளையில் சாதாரண வெள்ளைக்கார அதிகாரிக்கும் கல்லில் பெயர் உண்டு. தேயிலைக்கு அடியில் கிடப்பவர்களுக்கு அது இல்லை என்பதை அதே மொழியில், அந்தக் கல்லை வாசிக்கும் ஆட்களுக்கே விளங்கும்படி எழுதியவர் சி.வி.

1970இல் வந்த 'போர்ன் டு லேபர்' என்ற உரைநடை நூலும் இதே வழியில் போனது. உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அந்தத் தலைப்பின் பொருள். தோட்டத்து மனிதர்களையும் அவர்களின் வழக்கங்களையும் சடங்குகளையும் ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தும் நூல் அது. அதற்கு முன் தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் துரைமாரும் பயணிகளும். அவர்களுடைய எழுத்தில் தொழிலாளி ஓர் எண்ணிக்கை அல்லது மலைச்சரிவில் ஒரு நிறம். சி.வி.யின் ஆங்கிலத்தில் அவருக்குப் பெயரும் கோபமும் சாமியும் இருந்தன.

சொல்லின் போக்குவரத்து

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டினேன். நாம் ஆங்கிலத்திடம் போய்க் கைநீட்டும் ஆட்கள் மட்டும் அல்ல. ஆங்கில அகராதியைத் திறந்தால் கங்காணி அதில் இருக்கிறார். மிளகுத்தண்ணீர் முல்லிகடோனியாகவும், கட்டுமரம் காட்டமரானாகவும், சுருட்டு செருட்டாகவும் இருக்கின்றன. நம்மவரின் வியர்வையோடு போன சொற்களும் அவற்றில் உண்டு.

மறுபக்கம், லயத்துத் தமிழ் ஆங்கிலத்தைத் தன் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. லைன் லயமானது. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டு, பரேடு என்ற சொல்லின் சிதைவு என்பார்கள். ஃபெக்டரியை இன்றும் எங்கள் பெரியவர்கள் இஸ்டோர் என்கிறார்கள். நாங்கள் வகுப்பு நடத்தும் பிள்ளைக்காம்பராவில் உள்ள காம்பரா, ஆங்கிலேயருக்கும் முன் வந்த போர்த்துக்கீசரின் சொல். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் மூன்று நாலு மொழிச் சொற்களை நாளாந்தம் பாவித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வளம் இல்லை என்று யார் சொல்வது?

சி.வி. இந்த வளத்தை உணர்ந்தவர். தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனபோது, ஆண்களும் பெண்களும் பாடிய நாட்டார் பாடல்களைச் சேகரித்தார். அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983இல் வெளிவந்தன. அதே ஆண்டு யூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஊவாவின் தோட்டத்து மக்கள் பலர் கையில் கிடைத்ததோடு காட்டுக்குள் ஓடினார்கள். அப்படி எல்லாம் எரியக்கூடிய நாட்டில் வாய்மொழிப் பாட்டை எழுதி அச்சில் வைப்பது எவ்வளவு அவசியமான வேலை என்று இப்போது விளங்குகிறது.

நாவல்களுக்கு அவர் தமிழைத் தேர்ந்தார். 'வீடற்றவன்' 1981இலும் 'இனிப்படமாட்டேன்' 1984இலும் நூலாக வந்தன. துரைக்கும் அரசுக்கும் வெளியுலகுக்கும் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொன்னவர், தம் மக்களோடு பேச வேண்டியதைத் தமிழில் பேசினார். 1984 நவம்பரில் காலமானார். எழுபது வயது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிய எத்தனையோ குடும்பங்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயிலேறி, அவருடைய வட்டகொடையைக் கடந்து தலைமன்னாருக்குப் போனதை அவர் வாழ்நாளிலேயே பார்த்தார்.

மறுபடியும் அந்தக் கடிதம்

சி.வி.யின் கதையில் ஒரு குறையும் உண்டு. அவருடைய ஆங்கில நூல்கள் சென்றடைய வேண்டிய லயங்களைச் சென்றடையவில்லை. அவரை ஆங்கிலத்தில் வாசித்த மலையகப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் தங்களைப் பற்றி வாசிக்கும் முதல் பக்கம் பெரும்பாலும் தேயிலைப் பெட்டியின் மேல் உள்ள விளம்பரமாகத்தான் இருக்கிறது. அதில் கூடை சுமக்கும் பெண் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வகுப்பு முடிந்த பிறகு அந்த மாணவியும் நானும் கடிதத்துக்குப் பதில் எழுதினோம். அவளே எழுதினாள், நான் திருத்தினேன். தோட்டப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை, எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் வேறுபடுகின்றன, சத்தியக்கடதாசி இணைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். நாலு வரியில் டிஸ்க்ரெபன்சி என்ற சொல்லை அவள் சரியான இடத்தில் பாவித்தாள். அந்தச் சொல் இனி அவளுக்கு மறக்காது. பணம் இன்னும் வரவில்லை. பதில் கிடைத்ததாக மட்டும் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது.

முப்பது சொற்பட்டியலை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் பத்தாகக் குறைத்தோம். ஐந்து சொற்கள் வாசிக்கும் புத்தகத்திலிருந்து. மற்ற ஐந்தும் தோட்டத்திலிருந்து: வீட்டுக்கு வந்த கடிதம், சம்பளச் சீட்டு, மருந்துப் போத்தல், மலையில் நடக்கும் வேலை. கொழுந்துக்கு ஃப்ளஷ், கவ்வாத்துக்கு புரூனிங், பிரட்டுக்கு மஸ்டர் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். அரைப்பேர் என்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். முழு நாள் மலையில் நின்றும், நிறுவை குறைந்ததால் பாதிச் சம்பளம் மட்டும் எழுதப்படுவதற்கு ஒரே ஆங்கிலச் சொல் எது? அரை நாள் வேலை என்று எழுதினால் பொய்யாகிவிடும் என்றாள் அந்தப் பிள்ளை. நாள் முழுக்க அம்மா மலையில்தானே நிற்கிறார்.

கடைசியில் அரைப்பேர் என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே மூன்று வரியில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினாள். கங்காணி ஆங்கில அகராதிக்குள் போனதும் இப்படித்தான்.